சிவப்புப் புள்ளி வைத்த ரேம்

கம்ப்யூட்டருக்கு மெமரி, அதாவது ரேம், வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் வேகத்தைத்தான் கேட்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். சமையலுக்கு ஆள் தேடுகிறவர், அவர் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்று விசாரிப்பது போல இருக்கும். வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது, தம்பி. பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்க வேண்டும். இரண்டு ரேமும் ஒரே அட்டையில் ஜோடியாக வந்ததாக இருக்க வேண்டும். மதர்போர்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்டுப்போனால் மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கலர் கலராக விளக்கு எரிவதெல்லாம் கண்ணுக்குத்தான், கம்ப்யூட்டருக்கு இல்லை. மலிவாக வாங்குவது தப்பே இல்லை, நானே மலிவானதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். சோதித்துவிட்டுக் கொடுப்பேன்.

இந்தக் கடைவீதியில் எனக்குச் 'சோதனைக்காரர்' என்று பட்டப்பெயர். கிண்டலாக வைத்ததுதான், ஆனால் நிலைத்துவிட்டது. ஒரு நாள் முழுக்கச் சோதனை ஓடவிடாமல் ஒரு ரேமையும் நான் வெளியே விட்டதில்லை. அவசரப்படுகிறவர்களைப் பக்கத்துக் கடைக்குக் கைகாட்டிவிடுவேன். கம்ப்யூட்டரில் வேறு எது கெட்டாலும் அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். டிஸ்க் போனால் கடகடவென்று சத்தம் போடும். மின்சாரப் பெட்டி போனால் கருகல் நாற்றம் வரும். மெமரி மட்டும்தான் கெட்டுப்போன பிறகும் நல்ல பிள்ளையாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, இந்த ரேமை மாட்டியது நான்தான். முனையில் இருக்கும் சிவப்புப் புள்ளியும் நான் வைத்ததுதான், அது நகப்பூச்சு. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுவே பதில். இத்தோடு நான் வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். வந்தவரைப் பாதிப் பேச்சில் அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை.

சற்று முன் நீங்கள் என் தங்கையின் முன்னால் அப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டாம். "தப்பு உன்னோடது இல்ல, எப்பவுமே உன்னோடது இல்ல, இதோ இந்த ரேமோடது" என்றீர்கள். அவள் உங்களைப் பார்க்கவில்லை, கவனித்தீர்களா. என்னைத்தான் பார்த்தாள். "அண்ணா, இவர் சொல்றது சரியா?" என்று என்னிடம்தான் கேட்டாள். நான், "மாடிக்குப் போய் டீ போட்டுட்டு வா குட்டி, அப்புறம் பேசிக்கலாம்" என்று அனுப்பிவைத்தேன். அவள் வந்ததும் மறுபடி கேட்பாள். அதற்குள் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொல்வதில் எனக்குச் சங்கடம் இல்லை.

குட்டி என்று கூப்பிட்டே பழகிவிட்டது, நாற்பதை நெருங்குகிறவளை. எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவுக்கு அறுபது ஆகும் முன்பே மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு எங்கள் முகம். குட்டிதான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், ஓடிப்போனால் தெருத்தெருவாகத் தேடிக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரு பெத்த பொண்ணும்மா, இவ்வளவு நல்லாப் பாத்துக்கிற" என்றாள். குட்டி சிரித்துவிட்டு, சமையலறையில் போய் அழுதாள். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். காலையில் நான் கீழே கடையைத் திறப்பேன். அவள் மாடியில் உங்கள் கண்ணாடிப் பட்டறைக்கு வெட்டுப் படம் போட்டுக்கொண்டிருப்பாள். மத்தியானம் நான் ஏறிப் போனால் சோற்றுத் தட்டு தயாராக இருக்கும். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அமையவில்லையே என்று நான் வருந்தியதும் இல்லை.

அவள் வேலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெரிய கண்ணாடி ஷீட்டில் எந்தெந்த ஜன்னலுக்கான துண்டை எப்படித் திருப்பிப் போட்டால் ஓரம் வீணாகாது என்று அவள் படம் போடுவாள். நீங்கள் கட்டடத்துக்குப் போய் அளவெடுத்து போனில் அனுப்புவீர்கள். கண்ணாடி மரம் மாதிரி இல்லை, வெட்டினால் வெட்டியதுதான். அவள் கணக்கு தப்பியதே இல்லை. அவள் எண்ணைத் தட்டினால் அதை மறுபடி பார்க்கக்கூட வேண்டாம் என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் அளவைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அவருக்கு ஆத்துக்கு அக்கரை ஊர்ல புதுப் பட்டறை போட இடம் கிடைச்சிருக்காம். என்னையும் வரச் சொல்றார்."

"நீ எதுக்கு? படம் இங்க இருந்தே அனுப்பலாமே."

"படத்துக்கு இல்ல அண்ணா." வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "கல்யாணம் பண்ணிக்கிட்டு வரச் சொல்றார்."

எனக்குச் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். இரண்டாம் முறை சோறுகூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்று கடைக்கு இறங்கி வந்து, இருக்கையில் உட்கார்ந்தபோது, மேலே அவள் நடக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இல்லாத கூரையின் கீழ் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று யோசித்தேன். யோசிக்க முடியவில்லை. பயமாக இருந்தது, தம்பி. அதை ஒளிப்பதில் என்ன இருக்கிறது.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். குட்டி பிடிவாதக்காரி, போகாதே என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அவளாகவே போக வேண்டாம் என்று நினைத்தால்தான் உண்டு. அதனால் நான் தடுக்கவில்லை. "உன் பழைய கம்ப்யூட்டர் இந்தப் படங்களைத் தாங்காது, கல்யாணப் பரிசா புதுசு ஒன்னு என் கையால கட்டித் தரேன்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

எங்கள் கடையில் திரும்பி வரும் ரேம்களுக்கு நான் மூன்று பெயர் வைத்திருக்கிறேன். சுத்தமாக வேலை செய்யாதது 'செத்தது'. திடீர் திடீரென்று திரை நீலமாகி நின்றுபோக வைப்பது 'கிறுக்கு'. மூன்றாவது 'திருடன்'. திருடன் எல்லாச் சின்னச் சோதனையிலும் தேறிவிடுவான். கம்ப்யூட்டர் பெட்டி சூடேறி, பெரிய வேலை ஓடும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு எண்ணை மாற்றிவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல இருப்பான். செத்ததையும் கிறுக்கையும் யாரும் தெரியாமல் வாங்கிவிட முடியாது. திருடன் நல்ல சரக்கோடு கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் திருடன் முனையில் மட்டும் நான் சிவப்புப் புள்ளி வைப்பேன்.

திருடன்களைப் போட்டுவைத்திருக்கும் டப்பாவிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஏதோ கைக்கு அகப்பட்டதை எடுத்துச் சொருகிவிட்டதாக நீங்கள் நினைக்கக்கூடாது. வாடிக்கையாளருக்கு ஒரு நாள் சோதிப்பேன், இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அடிக்கடி தப்பு செய்கிற திருடன் உதவாது, அவள் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவாள். அடியோடு சாதுவாக இருந்தாலும் பயனில்லை. கடைசியில் இது அமைந்தது. மத்தியான வெயிலில் பெட்டி சூடாகி, பெரிய படம் திறந்திருந்தால் மட்டும், எப்போதாவது ஒரு இரண்டை ஆறாக்கும். ஒன்றை ஐந்தாக்கும். வேறு எதையும் தொடாது. இவ்வளவு ஒழுங்கான ரேமை நான் பார்த்ததில்லை. நல்ல ரேம் ஒன்றை முதல் ஸ்லாட்டில் வைத்து, இதை இரண்டாவதில் மாட்டினேன். ஜோடி மாற்றிப் போடாதே என்பது ஊருக்கு உபதேசம்.

புள்ளியை ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். கத்தி முனையால் சுரண்டினால் போயிருக்கும், கையில் கத்தியும் இருந்தது. ஆனால் பின்னால் எப்போதாவது அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்து, ரேமை எடுத்து, மறதியாக நல்ல சரக்கில் போட்டுவிட்டேன் என்று வையுங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் தலையில் அது விழும். என்னை நம்பி வாங்குகிறவருக்கு அந்தத் துரோகம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டரைப் பிரித்த உங்கள் மெக்கானிக் அந்தப் புள்ளியைப் பார்த்ததும், "இது சோதனைக்காரர் கடை அடையாளமாச்சே" என்று சொல்லியிருப்பார். தொழில் சுத்தமாக இருந்ததால்தான் நான் மாட்டிக்கொண்டேன் என்பதை நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தப்பு ஒரு குளியலறை ஜன்னலில் வந்தது. நாலு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டியிருந்தது. நீங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை, யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்தீர்களாம். குட்டி சிரிக்கவில்லை. கீழே இறங்கி வந்தாள்.

"நான் ரெண்டுன்னுதான் அடிச்சேன் அண்ணா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"கை தவறியிருக்கும். விடு."

"ரெண்டும் ஆறும் கிட்டக்கூட இல்லையே. எப்படித் தவறும்?"

நான் குனிந்து கையிலிருந்த வேலையைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்புறம் ஒரு கடை முகப்பு, அப்புறம் ஒரு அலமாரிக் கதவு. ஒவ்வொரு தடவையும் அவள் உங்கள் மெசேஜை எடுத்துப் பார்ப்பாள், படத்தைப் பார்ப்பாள், திரும்பவும் மெசேஜைப் பார்ப்பாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், அவள் மனுஷிதானே. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "அம்மாவுக்கும் முதல்ல நம்பர்தானே தடுமாறுச்சு?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு எண்கள் கடைசிவரை தடுமாறவில்லை. எங்கள் முகம் மறந்த பிறகும் பழைய வீட்டு போன் நம்பரைச் சொல்லுவாள். குட்டிக்கும் அது தெரியும். தெரிந்தவள் ஏன் கேட்டாள் என்றால், தனக்குத் தெரிந்ததை நம்பலாமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் "ஆமா" என்றேன். அவள் அந்தச் சட்டையை மடித்து முடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ரேமுக்கு வேலை குறைந்துவிட்டது. அவளே தன்னைக் கண்காணிக்க ஆரம்பித்தாள். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். மாத்திரை போட்டேனா என்று என்னைக் கேட்பாள். உப்புப் போட்டுவிட்டு, போட்டேனா என்று யோசித்து, மறுபடி போட்டுவிடுவாள். அந்த உப்பை நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அடுப்பு விஷயம் மட்டும் வேறு. கேஸ் திறந்திருந்ததாகவும், நான் வந்து மூடியதாகவும் உங்களிடம் போனில் அழுதாளே, அதைத் திறந்தது அவள் இல்லை. அதுவும் ஒரே ஒரு தடவைதான், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் செய்தேன். மறுநாளே கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு, தானாக அணையும் கரண்ட் அடுப்பு வாங்கிப் போட்டேன். அவளுக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்கு இது ஒன்று போதும்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். தலையைப் படம் எடுத்தார்கள், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். குட்டி ஒவ்வொரு எண்ணையும் எண்ணிப் பார்த்துக்கொண்டே வரைந்தாள். முடிவு கேட்க நான் மட்டும் உள்ளே போனேன், அவளுக்குத் தெம்பில்லை. டாக்டர் சின்ன வயதுக்காரர், தெளிவாகப் பேசினார். "உங்க தங்கைக்கு ஒன்னுமே இல்லைங்க. என்னைவிட நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க. ஏதோ பயந்து போயிருக்காங்க, என்னன்னு கேட்டுப் பாருங்க" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "இப்பவே எதுவும் சொல்ல முடியாதாம். போகப் போகத்தான் தெரியுமாம்" என்றேன்.

டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதி வந்திருக்கும். நிம்மதி வந்தால் பெட்டி கட்டியிருப்பாள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரோட்டைக் கடக்கும்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள், சின்ன வயதில் பிடிப்பாளே அதைப் போல. எனக்கு மனம் நிறைந்து போயிற்று. அப்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நீங்கள்தான் விடவில்லை.

நீங்கள் நல்லவர், தம்பி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவளுக்கு மறதி வந்தால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்களாம். அவள் அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் தெரிந்தது. நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள்: "பயமா இருந்தா படத்தை அனுப்புறதுக்கு முன்னாடி அண்ணனை ஒரு தடவை பாக்கச் சொல்லு. நாலு கண்ணு பாத்தா தப்பு எங்க வரும்?" நியாயமான யோசனைதான். மறுநாளே குட்டி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவள் போனில் இருக்கும் உங்கள் அளவை வாசிப்பாள், நான் திரையைப் பார்த்துச் சரி சொல்வேன். அப்படி நாங்கள் பார்த்து அனுப்பியதுதான் அந்த ஆஸ்பத்திரி மாடிப்படி ஜன்னல்.

அங்கே நடந்தது உங்களுக்கே தெரியும். நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். கண்ணாடியை ஏந்திச் சட்டத்தில் வைத்தபோது உட்காரவில்லை. கீழே நின்றவர் இறக்கிவிடலாம் என்றார். நீங்கள், "அளவு சரிதான்யா. அவ மட்டும் இல்ல, அவங்க அண்ணனும் பாத்துட்டார். சட்டம்தான் கோணியிருக்கு" என்று சொல்லி, மேல் ஓரத்தை உள்ளங்கையால் தட்டினீர்கள். மூலை தெறித்தது. பிறகு முழுக் கண்ணாடியும் உங்கள் கைமேல் இறங்கியது. நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்ததால் உயிர் பிழைத்தீர்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று உங்கள் அக்காவிடம் ஆறுதலாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ரேம் செய்ததை ரேமின் தலையிலேயே போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், கெட்டுப்போன ரேமை மாட்டிவிட்டேன், அது அளவை மாற்றிவிட்டது என்று. அது பாதிதான். அன்று மத்தியானம் நல்ல வெயில். குட்டி போனைப் பார்த்து, "உயரம் ஆயிரத்து முன்னூத்தி ரெண்டு" என்று வாசித்தாள். திரையில் ஆயிரத்து முந்நூற்று ஆறு என்று இருந்தது. நான் தெளிவாகப் பார்த்தேன்.

"சரி" என்றேன்.

"நல்லாப் பாத்தியா அண்ணா?"

"கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன் குட்டி. அனுப்பு."

அனுப்பினாள். கண்ணாடி பொருந்தாது, நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள், இவள் மனம் விட்டுப்போகும், அவ்வளவுதான் நான் நினைத்தது. நீங்கள் தட்டுவீர்கள் என்று நான் எப்படி நினைப்பேன். கண்ணாடித் தொழிலில் இருக்கிறவர் பொருந்தாத கண்ணாடியைத் தட்டலாமா. என் பெயரைக் கேட்டதும் நீங்கள் உங்கள் கண்ணை நம்புவதை விட்டுவிட்டீர்கள். அந்தக் கை இனி மடங்காது என்று டாக்டர் சொன்னபோது நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். எனக்கும் மனசு இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவள் குணம். "நான் தப்பா வாசிச்சிருப்பேன், நீ நான் வாசிச்சதைத்தானே பாத்த" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. "அவரு கையைப் பாக்க முடியல அண்ணா, என்னால போக முடியாது" என்றாள். உங்கள் போனை எடுப்பதை நிறுத்தினாள். நான் அவளிடம் ஒரு வார்த்தைகூட உங்களைப் பற்றித் தப்பாகச் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை. எல்லாம் அவளாகவே எடுத்த முடிவு.

நான் மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்த நாளில் அந்தக் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி உங்கள் பட்டறைக்கு அனுப்பிவிட்டாள். இனி தனக்கு எதற்கு, உங்களுக்காவது உதவட்டும் என்று நினைத்தாளாம். வந்து பார்த்தபோது மேசை காலியாக இருந்தது. உடனே திருப்பி வாங்கி வரத்தான் தோன்றியது. ஆனால் கேட்டு வாங்கினால் ஏன் என்று கேட்பார்களே. பிறகு நடந்ததை நீங்கள் சொன்னீர்கள். உங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் தட்டியபோதும் இரண்டு ஆறானது. அந்தப் பெண்ணுக்கு மறதி வந்த அம்மா இல்லை. அதனால் அவள் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை, கம்ப்யூட்டரைத் திட்டினாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அரை நாளில் முடிந்த விஷயம் அது. குட்டிக்கும் அப்படி ஒரு தடவை தோன்றியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும். அவளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் கட்டிக் கொடுத்தவன் அண்ணன்.

இவ்வளவுதான். ஒன்றையும் மறைக்கவில்லை. நீங்கள் போலீசுக்குப் போனாலும் இதையேதான் சொல்வேன், ஆனால் ஒரு கெட்டுப்போன ரேமை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. குட்டியிடம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். டாக்டர் சொன்னதைச் சொல்லுங்கள், அடுப்பைச் சொல்லுங்கள், திரையில் இருந்த ஆறையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பி, "சரியா அண்ணா?" என்று கேட்பாள். நான் அவளுக்கு எது நல்லதோ அதைச் சொல்வேன். கண் சொல்வதை நம்பமாட்டாள், காது கேட்பதை நம்பமாட்டாள், என்னை நம்புவாள். ஒருத்தி ஒருவரை இவ்வளவு நம்புகிறாள் என்றால் அதற்கு எத்தனை வருஷத்துப் பாசம் வேண்டும். அதை நீங்கள் ஏமாற்று என்கிறீர்கள்.

இதோ, வந்துவிட்டாள். மாடிப்படிக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வா குட்டி, ஏன் அங்கேயே நிற்கிறாய். டீயில் ஆடை படிந்துவிட்டதே, எவ்வளவு நேரமாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

அவருக்கு முதலில் கொடு. இடது பக்கமாக வை, அவருக்கு இப்போது அந்தக் கைதான் உதவும். சரி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள், பரவாயில்லை. அவர் உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம். கேட்டுவிட்டு என்னைக் கேள், நான் சொல்கிறேன். ஏன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாய், குட்டி. இந்தப் பக்கம் பார்.

கொஞ்சம் பொறுங்கள், தம்பி. இப்போது என்னைப் பார்ப்பாள்.